மினிட்ஸ்

ஆரம்பாக்கம் தாண்டினதும் பலகைகள்
எழுத்தை உருட்டிக்கொள்கின்றன.
கம்பெனி பஸ் நிற்கும் ஊரின் பெயர் தடா.
எங்கள் பேச்சில் அதற்கு வேறு அர்த்தம்.

மடியில் பழைய கேட் பாஸ். அதன் முதுகில்
தமிழ் எழுத்தில் மூன்று வாக்கியம்:
மே ஐ ஆட் சம்திங்.
சாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்.
ஐ அக்ரீ, பட்.
பட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை.
வீடியோ அந்த இடத்தில் விளம்பரத்துக்குப் போய்விட்டது.

கீழே, லைன் மூன்றில், பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது.
பெஞ்சலய்யா தெலுங்கில் கேட்பார்,
நான் தமிழில் திட்டுவேன்,
ஒடிசாப் பையன் இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டுவான்.
அலுமினியம் அச்சுக்குள் போய்
ப்ராக்கெட்டாக வெளியே விழும்.
மீட்டிங் ரூமுக்கு இருபத்தோரு படி.
பதினாலாவதில் என் வாய் காய்ந்துவிடும்.

ஒன்பதரை. ஏசி. நீள மேஜை.
கல்கத்தா ரோட்டைக் கடக்க நிற்கிற மாடு மாதிரி
அவர்கள் பேச்சின் ஓரத்தில் நிற்கிறேன்.
ஒரு லாரி போனால் அதன் வாலைப் பிடித்து அடுத்த லாரி.
'மே ஐ' என்று ஒரு காலை எடுத்து வைப்பதற்குள்
'மூவிங் ஆன்' என்கிறார் மெஹ்ரா சார்.
எல்லாரும் போய்விட்டார்கள்.
நான் மட்டும் ஆறாவது ஸ்லைடில்.

செவ்வாய்க்கிழமை வேறு மாதிரி ஆனது.
ப்ராக்கெட் ஓட்டைக்குப் பக்கத்தில் மயிரிழைக் கோடு.
கண்ணுக்குத் தெரியாது. கையுறையைக் கழற்றி
நகத்தை ஓட்டினால் தட்டுப்படும்.
அச்சு மாற்றியபின் வருகிற முதல் இருபதில் மட்டும்.
'சப்ளையர் மெட்டீரியல் இஷ்யூ' என்றது திரை.
அக்ரீ, அக்ரீ, அக்ரீ என்றது மேஜை.

மூன்று வாக்கியமும் எங்கே ஓடினவோ.
ஒன் மினிட், என்றேன்.
கோட் பையிலிருந்து ஏழு ப்ராக்கெட்டை எடுத்து
கண்ணாடி மேல் வைத்தேன். சத்தம் கொஞ்சம் அதிகம்தான்.
'நெயில். டச்.'
மெஹ்ரா சாரின் நகம் போய் கோட்டில் நின்றது.
'நாட் மெட்டீரியல். டை கோல்டு. ஃபர்ஸ்ட் ட்வென்டி.'
ஒரு வினைச்சொல்கூட இல்லை அதில்.
ஆனாலும் ஓடியது.
'ஸோ வாட் ஷி மீன்ஸ் இஸ்' என்று ஆரம்பித்து
பங்கஜ் எனக்காக ஒருமுறை சொன்னான்.

சாயந்திரம் மெயிலில் வந்தது, மினிட்ஸ் என்று.
நான் கேட்டது ஒரே ஒரு மினிட்.
நாலாவது பாயிண்டில் என் கோடு, என் இருபது,
ஆறிப்போன என் அச்சு
தலைவாரி, பவுடர் பூசி, வினைச்சொல் உடுத்தி
யார் வீட்டுப் பிள்ளையோ போல நின்றன.
எதிரே பெயர்: பங்கஜ்.

பங்கஜ் கெட்டவன் இல்லை.
தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளிவைக்கிற ஒரே ஆள்.
அதனால்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.
கெட்டவன் என்றால் திட்டிவிட்டுப் படுத்திருப்பேன்.

'போனீலே' என்றார் பெஞ்சலய்யா.
'போகட்டும் விடு' என்றார் வீட்டுக்காரர்.
பார்டரின் இரண்டு பக்கமும் அதே சொல்தான்.

புதன். பதினாலாவது படி. வாய் காய்ந்தது.
உட்காராமல் கையைத் தூக்கினேன்,
ஸ்கூல் இல்லை இது என்று தெரிந்தேதான்.
'சாரி. பாயிண்ட் ஃபோர். மை பாயிண்ட்.'
ஏசி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
பங்கஜுக்குக் காது சிவந்தது.
லேப்டாப்பைத் திறந்தான், தன் பெயரை அழித்தான்.
ரப்பர் வைத்து அழிப்பதுபோல் அல்ல; சட்டென்று.
திரையில் வந்தது: குன்வந்தி.

மெஹ்ரா சார் வாயைத் திறந்தார்.
மூவிங் வந்துவிட்டது, ஆன் வருவதற்குள்

'ஐ அக்ரீ,' என்றேன், 'பட்'

ஜி யூ என் ஏ
வி ஏ டி
டிக்குப் பிறகு ஒரு ஹெச் உண்டு எங்களுக்கு.
அந்த ஹெச்சை அவன் தட்டும்வரை
நான் உட்காரவில்லை.